தேதிகள் ஓரிடத்தில் இருக்கட்டும்: கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், வகுப்புப் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் கணினி ஆய்வகத்தையும் நூலகத்தையும் பார்த்துக்கொள்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலாமாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்தில் மாணவர்களுக்கு ஓர் அறிவுரை தவறாமல் கிடைக்கிறது. போனை உருப்படியாகப் பயன்படுத்துங்கள், எதையும் திட்டமிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் அது. ஆனால் அதே மாணவருக்கு இன்டர்னல் (கல்லூரி உள்தேர்வு) தேதி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, அதைச் சாய்வாகப் படமெடுத்து யாரோ துறைக் குழுவில் போடுகிறார்கள். உதவித்தொகைப் படிவம் பற்றிய செய்தி அலுவலகத்திலிருந்து கிளாஸ் ரெப் வழியாக வாய்வழி வருகிறது. ஒரு பாடத்தின் அசைன்மென்ட் கூகுள் கிளாஸ்ரூமில் இருக்கிறது. மற்றப் பாடங்களுக்கு அந்தந்த ஆசிரியர் தொடங்கிய குழுக்கள். இப்படி ஐந்தாறு வாசல் வழியாகத் தகவல் வரும்போது எவ்வளவு நல்ல செயலி கையில் இருந்தாலும் மாணவரால் ஒழுங்காக இருக்க முடியாது. அவர் கவனக்குறைவாக இருக்கிறார் என்று நாம் எழுதும் குறிப்புகளில் பாதி, நாம் தகவலைச் சிதறவிட்டதன் விளைவு.

ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். பருவத்தின் தேதிகள் எல்லாவற்றையும் கல்லூரி முதலில் ஒரே நாட்காட்டியில் வைக்கட்டும். அதன்பிறகு மாணவர்களுக்குக் கருவிகளைக் கற்றுக்கொடுப்போம். எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை எழுதுகிறோம்.

வாட்ஸ்அப்பை யாரும் விட முடியாது, விடவும் வேண்டாம். அதைக் கொண்டு என்ன செய்ய முடியாது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு செய்தியைக் குழுவின் மேலே நிற்கும்படி 'பின்' செய்தால் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். ஒரே நேரத்தில் மூன்று செய்திகளுக்கு மேல் பின் செய்ய முடியாது. ஜூனில் பின் செய்த தேர்வு அட்டவணை செப்டம்பரில் மேலே இருக்காது. அனுப்பிய பிடிஎஃப்பை உடனே இறக்கிக்கொள்ளாதவர் பல வாரம் கழித்துத் தொட்டால் கோப்பு சர்வரில் இல்லை என்று வரும். இறக்கிக்கொண்டவரின் போனிலோ அது 'டிஓசி-20250807-டபிள்யூஏ0012' என்பது போன்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். அதே மாதிரிப் பெயரில் நாற்பது கோப்புகள் இருக்கும்போது எது இயற்பியல் வினாவங்கி, எது பேருந்துக் கட்டண ரசீது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் பேக்கப் 2024 முதல் கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள் சேர்கிறது. குழுக்களில் வரும் காணொளிகளால் அந்த இடம் நிரம்பினால் ஜிமெயிலுக்கு மடல் வருவதே நின்றுவிடும். ஹால் டிக்கெட் பற்றிய மின்னஞ்சல் வரவில்லை என்று அலுவலகத்துக்கு வரும் மாணவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எனவே குழுவில் போடும் செய்தி அறிவிப்போடு நிற்கட்டும். "இரண்டாம் இன்டர்னல் தேதி மாறியுள்ளது, நாட்காட்டியில் பார்க்கவும்" என்று ஒரு வரி, கீழே சுட்டி (லிங்க்). அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி வைத்துவிடுங்கள். பேச்சுக்கும் சந்தேகத்துக்கும் வேறு குழு இருக்கட்டும்.

இனி நாட்காட்டி. கூகுள் காலண்டரைச் சொல்கிறோம், பெரும்பாலான மாணவர்களின் போனில் அது ஏற்கெனவே இருப்பதால். கணினியில் திறந்து இடப்பக்கம் புதிய நாட்காட்டி ஒன்று உருவாக்குங்கள். துறையின் பெயரையும் பருவத்தையும் அதற்குத் தலைப்பாகக் கொடுங்கள். அமைப்புகளில் அணுகல் அனுமதி என்ற பகுதிக்குப் போய் அனைவரும் பார்க்கலாம், எல்லா விவரமும் தெரியும் என்று மாற்றுங்கள். திருத்தும் உரிமை இருவருக்கு மட்டும் போதும்: ஒரு பொறுப்பாசிரியர், அவர் விடுப்பில் இருக்கும்போது பார்க்க இன்னொருவர். கல்லூரியின் பெயரில் உள்ள கணக்கிலிருந்து உருவாக்கினால் ஒரு சிக்கல் உண்டு. நிர்வாகி அமைத்த கட்டுப்பாட்டால் வெளிக் கணக்குகளுக்கு விவரம் மறைந்து 'வேலையில்' என்று மட்டும் காட்டும். சுட்டியை மாணவர்களுக்கு அனுப்பும் முன் சொந்த ஜிமெயில் கணக்கு ஒன்றிலிருந்து திறந்து பார்த்துவிடுங்கள்.

தேதிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. விரிதாளில் வரிசையாக எழுதி சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) இறக்கி, கணினி வழியே இம்போர்ட் செய்யலாம். தலைப்பு வரிசையில் சப்ஜெக்ட், ஸ்டார்ட் டேட் இரண்டும் கட்டாயம். ஆல் டே ஈவென்ட், டிஸ்கிரிப்ஷன் என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைப்புகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நிகழ்வின் பெயர் தமிழில் இருக்கலாம். எக்செல்லில் சேமிப்பவர்கள் சாதாரண சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டிருக்கும் சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

தேதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இம்போர்ட் எதிர்பார்க்கும் வரிசை மாதம், நாள், ஆண்டு. நாம் பழக்கத்தில் ஆகஸ்ட் 7 என்பதை 07/08 என்று எழுதினால் அது ஜூலை 8-இல் போய் விழும். 25/08 என்று எழுதியது மட்டும் பிழை காட்டும், ஏனென்றால் 25-ஆவது மாதம் இல்லை. ஆகவே பாதி தேதிகள் அமைதியாகத் தவறான நாளில் ஏறிவிடும். இறக்குவதற்கு முன் தேதிகள் உள்ள நெடுவரிசையின் வடிவத்தை மாதம் முதலில் வரும்படி மாற்றுங்கள். ஏற்றிய பின் நாள் எண் 12 அல்லது அதற்குக் குறைவாக உள்ள இரண்டு மூன்று நிகழ்வுகளைக் கண்ணால் சரிபாருங்கள். தவறு தெரிந்ததும் அதே கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றினால் பழையது போகாது. எல்லாம் இரட்டையாக நிற்கும். முதலில் நான்கு வரி மட்டும் உள்ள சோதனைக் கோப்பை ஏற்றிப் பார்ப்பது நல்லது.

எதையெல்லாம் ஏற்ற வேண்டும்? இரண்டு இன்டர்னல், மாடல், செய்முறைத் தேர்வு, ரெக்கார்டு ஒப்படைக்கும் நாள், அசைன்மென்ட், செமினார். தேர்வுக் கட்டணத்துக்கு அபராதமில்லாத கடைசி நாள் ஒரு நிகழ்வு, அபராதத்தோடு கட்டக்கூடிய கடைசி நாள் தனி நிகழ்வு. அரியர் எழுதுபவர்களுக்கான கட்டண நாளைத் தனியாகப் போடுங்கள், ஏனென்றால் அதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். உதவித்தொகை விண்ணப்பம் திறக்கும் நாள், மூடும் நாள். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாள். பல்கலைக்கழகம் இன்னும் உறுதி செய்யாத தேதி என்றால் நிகழ்வின் பெயரிலேயே 'உத்தேசம்' என்று தொடங்குங்கள், உறுதியானதும் அந்தச் சொல்லை நீக்குங்கள். விளக்கப் பகுதியில் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தக் கவுன்டர், என்னென்ன நகல் கொண்டுவர வேண்டும் என்று மூன்று வரி எழுதினால் அலுவலக வாசலில் கூட்டம் குறையும்.

கோப்பை மாணவர்களுக்கு அனுப்பி நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் ஒவ்வொருவரிடமும் அன்றைய நகல் ஒன்றுதான் இருக்கும். நீங்கள் பின்னால் மாற்றும் தேதி அவர்களுக்குப் போகாது. பகிர்வுச் சுட்டி வழியாக நாட்காட்டியையே சேர்த்துக்கொள்ள வேண்டும். கணினி உலாவியில் சுட்டியைத் திறந்தால் சேர்க்கவா என்று கேட்கும். போனில் தொட்டால் செயலி திறந்துகொண்டு ஒன்றும் நடக்காமல் நிற்பதுண்டு, ஆகவே முதல்முறை ஆய்வகக் கணினியில் சேர்ப்பதே நல்லது. அதன்பின் போனில் காலண்டர் செயலியின் அமைப்புகளில் அந்த நாட்காட்டிக்கு சிங்க் (ஒத்திசைவு) இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சேர்த்த நாட்காட்டிக்கு நினைவூட்டல் தானாக வராது என்பது பலருக்குத் தெரியாது. அவரவர் தம் கணக்கில் அமைக்க வேண்டும். முழுநாள் நிகழ்வுகளுக்கு ஏழு நாள் முன்பு மாலை ஏழு மணிக்கு ஒன்று, முந்தைய நாள் மாலை ஏழு மணிக்கு ஒன்று என்று இரண்டு வைக்கச் சொல்லுங்கள். நேரமுள்ள நிகழ்வுகளுக்குக் கூகுள் வழக்கமாகக் கொடுக்கும் 30 நிமிட முன்னறிவிப்பு வகுப்புக்குப் போக உதவும். கட்டணம் கட்டப் பணம் புரட்ட உதவாது.

அதையும் செய்த பிறகு மணி அடிக்காமல் போகும் போன்கள் உண்டு. ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும் அமைப்பு இருக்கிறது. காலண்டர் செயலிக்குப் பேட்டரிப் பகுதியில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்ற வேண்டும். ஆட்டோஸ்டார்ட் இருந்தால் அதையும் இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலியும் அறிவிப்பு காட்ட அனுமதி கேட்கிறது. கேட்டபோது வேண்டாம் என்று தொட்டவர்களுக்கு எதுவும் வராது. பத்து நிமிடம் கழித்து வரும்படி ஒரு சோதனை நிகழ்வு போட்டு, அதற்கு ஐந்து நிமிட முன்னறிவிப்பு வைத்து, போனைப் பூட்டி மேசையில் வைத்து, ஒலிக்கிறதா என்று வகுப்பிலேயே பார்த்துவிடுவதுதான் ஒரே உறுதியான வழி.

நம் கல்லூரிகளுக்கே உரிய ஒரு சிக்கல் டே ஆர்டர், அதாவது கிழமையைப் பார்க்காமல் வேலைநாள்களை ஒன்று முதல் ஆறு வரை சுழற்சியாக எண்ணி வகுப்பு அட்டவணை போடும் முறை. வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவருக்காக எழுதிய எந்த வழிகாட்டியும் இதைத் தொடுவதில்லை. திங்கள்தோறும் முதல் மணி வேதியியல் என்றால் வாரந்தோறும் திரும்பும் நிகழ்வாகப் போட்டுவிடலாம். ஆறு நாள் டே ஆர்டரில் அது நடக்காது. நடுவில் ஒரு விடுமுறை வந்தால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் காலையில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால், மறுநாள் டே ஆர்டர் மூன்றா நான்கா என்று இரவு முழுக்கக் குழுவில் கேள்வி ஓடும்.

இதற்கு விரிதாள்தான் சரி. முதல் நெடுவரிசையில் பருவத்தின் எல்லாத் தேதிகளும். இரண்டாம் நெடுவரிசையில் வேலைநாள் என்றால் 1, விடுமுறை என்றால் 0. மூன்றாம் நெடுவரிசையில் டே ஆர்டர்: முதல் நாளிலிருந்து அந்த நாள் வரையுள்ள 1-களைக் கூட்டி, அதில் ஒன்றைக் கழித்து, ஆறால் வகுத்து வரும் மீதியோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். பதினேழாவது வேலைநாள் என்றால் 16-ஐ ஆறால் வகுக்க மீதி 4. ஒன்றைக் கூட்டினால் டே ஆர்டர் 5. விடுமுறை நாளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்படி சூத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். மழை விடுமுறை வந்த காலை அந்த நாளின் 1-ஐ 0 ஆக்கினால் போதும். அதற்குப் பிந்திய நாள்கள் எல்லாம் தாமாக நகரும். உங்கள் கல்லூரியில் எதிர்பாராத விடுமுறைக்கு டே ஆர்டர் தள்ளிப்போகாமல் அந்த நாளோடு கழிந்துவிடும் வழக்கம் இருந்தால், 1-ஐ மாற்றாமல் பக்கத்தில் 'விடுமுறை' என்று குறித்தால் போதும். இரண்டில் எது உங்கள் விதி என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இந்தத் தாளைப் பார்க்க மட்டும் அனுமதியுள்ள சுட்டியாகக் கொடுங்கள். நாட்காட்டிக்குள் டே ஆர்டரை ஏற்ற வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஏற்றியவை விரிதாளோடு சேர்ந்து நகராது. ஐம்பது அறுபது நிகழ்வுகளைக் கையால் அழித்துத் திரும்ப ஏற்ற வேண்டிவரும். மாறாத தேதி நாட்காட்டியில், நகரும் அட்டவணை விரிதாளில்.

அதே விரிதாள் பழக்கம் வருகைப் பதிவுக்கும் கைகொடுக்கும். 75 விழுக்காடு என்ற எண் எல்லா மாணவருக்கும் தெரியும். தான் எங்கே நிற்கிறோம் என்பது பருவ இறுதியில் வருகை குறைந்தவர்களின் கண்டோனேஷன் பட்டியல் ஒட்டும்போதுதான் தெரிகிறது. 90 வேலைநாள் உள்ள பருவத்தில் 68 நாளாவது வந்திருக்க வேண்டும். 22 நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் குறைந்துவிடும். இடையில் கணக்குப் பார்க்க இரண்டு எளிய வாய்பாடு போதும். குறைவாக இருப்பவர், வராத எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி வந்த எண்ணிக்கையைக் கழித்தால், தொடர்ந்து எத்தனை வகுப்புக்கு வந்தால் 75-ஐத் தொடலாம் என்று தெரியும். 20 வகுப்புக்கு வந்து 10-க்கு வராதவர் இன்னும் 10 வகுப்பு விடாமல் வர வேண்டும். அப்போது நாற்பதுக்கு முப்பது. அதிகமாக இருப்பவர், வந்ததை மூன்றால் வகுத்து வராததைக் கழிக்கட்டும். 30-க்கு வந்து 4-க்கு வராதவருக்கு இன்னும் 6 வகுப்பு இடமிருக்கிறது. மாணவர் தானாக வைத்துக்கொள்ளும் இந்தக் கணக்கு கல்லூரிப் பதிவேட்டோடு ஒத்துப்போக, ஓடி (ஆன் டியூட்டி, கல்லூரிப் பணிக்காக வெளியே போன) நாள்கள் வந்ததாகக் கணக்கிடப்படுமா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். விளையாட்டுக்கும் என்எஸ்எஸ் முகாமுக்கும் போனவர்கள் அங்கேதான் குழம்புகிறார்கள். மாதம் ஒருமுறை பதிவேட்டு எண்ணை வெளியிட்டால் வித்தியாசம் அப்போதைக்கப்போது தெரிந்துவிடும்.

கூகுள் கிளாஸ்ரூம் பயன்படுத்தும் துறைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு பருவத்தின் எல்லாப் பாடங்களும் அதில் இருக்கட்டும், அல்லது எதுவும் வேண்டாம். கடைசித் தேதியோடு கொடுக்கும் ஒவ்வொரு அசைன்மென்ட்டும் மாணவரின் காலண்டரில் தானாக ஏறும் என்பது இதன் பெரிய வசதி. தேதி போடாமல் அறிவிப்பாக மட்டும் எழுதினால் அந்த வசதி போய்விடும். மாணவர் பக்கத்தில் நடக்கும் வழக்கமான தவறு, கோப்பை இணைத்துவிட்டு டர்ன் இன் பொத்தானைத் தொடாமல் வெளியேறுவது. ஆசிரியருக்கு அது ஒப்படைக்காததாகவே தெரியும். மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் அந்த மாணவரின் பக்கத்தைத் திறந்து இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குழுத் திட்டப்பணியை ஒரே கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால், பதிப்பு வரலாற்றில் யார் எந்தப் பத்தியை எப்போது எழுதினார் என்பது தெரியும். மூன்று பேர் எழுதி ஐந்து பேர் மதிப்பெண் வாங்கும் வழக்கத்துக்கு இதைவிட நேர்மையான மருந்து கிடையாது.

கோப்புகளுக்கு வருவோம். நம் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் ஐந்து அலகாகப் பிரிந்திருப்பதால் அடைவு அமைப்பை யோசிக்கவே வேண்டாம்: பருவம், அதற்குள் பாடம், அதற்குள் ஐந்து அலகு. கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்கட்டும். '2026-08-07 கரிம வேதியியல் அலகு 2' என்று எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். நாளை முன்னால் எழுதினால் எல்லா மாதத்தின் 7-ஆம் தேதியும் ஒன்றாகக் கூடிவிடும். வகுப்பில் கையால் எழுதும் குறிப்பை நாங்கள் மாற்றச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை அதை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் வைத்தால் நோட்டு தொலைந்தாலும் பாடம் தொலையாது. டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. பன்னிரண்டு பக்கத்தை ஒரே பிடிஎஃப்பாக எடுக்கலாம். அதையே பன்னிரண்டு புகைப்படமாக எடுத்தால் பக்கத்துக்கு நான்கு எம்பி வீதம் 48 எம்பி, வரிசையும் குலையும். ஸ்கேன் செய்ய இன்னும் கேம்ஸ்கேனரைத் தேடுபவர்கள் உண்டு. 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அது ஒன்று.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு மாற்றம் வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த சுற்றறிக்கையைத் தமிழில் தேடினால் டிரைவ் கண்டுபிடிக்காது. அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. அலுவலகத்தில் தட்டச்சு செய்பவருக்கு யூனிகோடு விசைப்பலகை அமைத்துக் கொடுங்கள். சுற்றறிக்கையை அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பும்போது, தேதியும் பொருளும் அடங்கிய ஒரு வரியைத் தட்டச்சில் கூடவே அனுப்புங்கள்.

ஜெராக்ஸ் கடையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. திட்டப்பணி அறிக்கையும் ரெக்கார்டு முகப்பும் அங்கேதான் அச்சாகின்றன. கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து கோப்பை இறக்கிவிட்டு அப்படியே வந்துவிடுகிறார்கள். கணக்கு அங்கே திறந்தே கிடக்கும். போனில் வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தில் தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றிவிட வேண்டும். பென் டிரைவைக் கொடுத்தால் அடைவுகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறித் திரும்பி வருவது இன்றும் நடக்கிறது. கடையின் மின்னஞ்சலுக்கு பிடிஎஃப் அனுப்புவது பாதுகாப்பு. வேர்டு கோப்பாக அனுப்பினால் அந்தக் கணினியில் எழுத்துரு மாறிப் பக்க எண்கள் எல்லாம் தள்ளிவிடும், பொருளடக்கம் பொய்யாகிவிடும்.

மாணவர்களின் ஆவணங்களை வாங்கும் முறையை உடனே மாற்றுங்கள் என்று அழுத்தமாகக் கேட்கிறோம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை என ஒவ்வொன்றுக்கும் ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்று ஆகியவற்றை அறுபது பேர் உள்ள குழுவில் அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு மாணவியின் ஆதார் எண்ணும் முகவரியும் ஐம்பத்தொன்பது போன்களில் பதிவாகிறது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட நாட்டில் கல்லூரி இதைச் செய்யலாகாது. கூகுள் படிவத்தில் கோப்பு ஏற்றும் கேள்வி வைத்தால் ஆவணம் பொறுப்பாளரின் டிரைவுக்கு மட்டும் போகும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு படிவத்துக்கு மொத்தம் 1 ஜிபி என்று வரம்பு முன்கூட்டியே அமைந்திருக்கும். 120 பேர் ஆளுக்குப் பத்து எம்பி ஏற்றினால் ஏறக்குறைய நூறு பேரோடு படிவம் மூடிக்கொள்ளும்; கடைசியில் வருபவர்கள் தளம் வேலை செய்யவில்லை என்பார்கள். கோப்புக்கு 1 எம்பி என்று அளவைக் குறைத்துவிடுங்கள், மொத்த வரம்பையும் கூட்டிவிடுங்கள்.

மதிப்பெண் சான்றுகளுக்கு மத்திய அரசின் மின்-ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் இருக்கிறது. அதில் வழங்கப்பட்ட ஆவணங்கள் மூல ஆவணத்துக்கு இணையானவை. மாணவரே ஸ்கேன் செய்து அதில் ஏற்றிய படத்துக்கு அந்தத் தகுதி கிடையாது. இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். நம் ஊரில் வரும் தனிச் சிக்கல் முதலெழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியலோடும், ஆதாரில் தந்தை பெயர் முழுதாகவும் இருந்தால், பாடங்களுக்கான கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) கணக்கிலும் உதவித்தொகைத் தளத்திலும் பெயர் பொருந்தாமல் நிற்கும். முதல் பருவத்திலேயே இதைப் பார்த்துத் திருத்தினால் நேரம் இருக்கிறது. இறுதியாண்டில் கண்டுபிடித்தால் இல்லை.

குறிப்பெடுக்கும் செயலிகளில் எது சிறந்தது என்ற விவாதத்தில் நாங்கள் இறங்கவில்லை. மாணவர் எதை வைத்திருந்தாலும், உள்ளே போட்டதை மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா என்று மட்டும் பார்க்கட்டும். எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்கை 50 குறிப்புகளுக்குள் சுருக்கியபோது, வெளியே எடுக்கத் தெரிந்தவர்கள் தப்பித்தார்கள்.

கல்லூரி கொடுக்கும் மின்னஞ்சல் கணக்குக்கும் இதே கேள்வி உண்டு. படிப்பு முடிந்தபின் எப்போது மூடப்படும் என்று எந்த மாணவருக்கும் சொல்லப்படுவதில்லை. மூன்றாண்டுக் குறிப்புகளும் திட்டப்பணியும் அதோடு போய்விடும். கூகுள் டேக்அவுட்டில் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். கல்விக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு மாற்றித்தரும் வசதியும் இருக்கிறது, நிர்வாகி அதை இயக்கியிருந்தால். இறுதிப் பருவம் தொடங்கும்போதே தேதியைச் சொல்லி, வசதியையும் திறந்துவிடுங்கள்.

போன் இல்லாத, அல்லது வீட்டில் எல்லோருக்கும் ஒரே போன் உள்ள மாணவர்கள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். வகுப்பறையில் போனுக்குத் தடை உள்ள கல்லூரிகளும் உண்டு. அவர்களுக்காக நாட்காட்டியின் மாதத் தாளை அச்செடுத்து ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில் வகுப்பறைக் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். தேதி மாறினால் தாளும் மாற வேண்டும்; பழைய தாள் தொங்கினால் அது இல்லாததைவிட மோசம்.

இவ்வளவையும் கற்றுக்கொடுக்க யுஜிசியின் தீக்ஷாரம்ப் அறிமுக நாள்களுக்குள் இரண்டு ஆய்வக மணி போதும், ஒரு பிரிவுக்கு முப்பது பேர் வீதம். முதல் மணியில் கூகுள் கணக்கு: மீட்பு எண் மாணவருடையதுதானா, பழைய சிம் எண்ணா என்று பார்ப்பது, இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பத்து பேக்கப் குறியீடுகளை அச்செடுத்து நோட்டில் ஒட்டுவது, நாட்காட்டியைச் சேர்ப்பது, நினைவூட்டல் ஒலிக்கும்வரை சோதிப்பது. புதிய கணக்குத் தொடங்குபவர்கள் தோழியின் எண்ணைக் கொடுக்க வேண்டாம். ஒரே எண்ணைப் பலமுறை கொடுத்தால் கூகுள் மறுத்துவிடும். இரண்டாம் மணியில் அடைவுகள், ஸ்கேன், கோப்புப் பெயர், வருகைத் தாளின் நகல், டிஜிலாக்கர். ஆய்வகக் கணினியில் இன்காக்னிட்டோ சாளரத்தில் மட்டும் நுழையச் சொல்லுங்கள்.

நாட்காட்டியையும் டே ஆர்டர் தாளையும் பார்த்துக்கொள்ளும் ஆசிரியருக்கு வாரம் ஒரு மணி நேரத்தைப் பணிப் பங்கீட்டில் எழுத்துப்பூர்வமாக ஒதுக்குங்கள். கூடுதல் வேலையாக யார் தலையிலாவது கட்டினால் இரண்டாம் இன்டர்னலுக்குள் அது நின்றுவிடும். வரும் ஒற்றைப்படைப் பருவத்துக்கு, வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரத்துக்குள் இந்த ஏற்பாடுகளுக்கான ஆணை வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சிஎஸ்வி மாதிரிக் கோப்பையும் டே ஆர்டர் விரிதாளையும் ஒரு பிற்பகலுக்குள் உங்கள் கல்லூரியின் ஆய்வகப் பணியாளரே செய்து தந்துவிடுவார்.

இப்படிக்கு,
கல்லூரிக் கணினி ஆய்வகங்களிலும் நூலகங்களிலும் பணிபுரிவோர் சிலர்